குறுக்கே வைத்த அட்டை

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். எனக்கு மிச்சமிருப்பவை ஏழு பல். ஒரு வார்த்தை பொய்யென்றாலும் அந்த ஏழும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். கேட்டதை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இரண்டை ஒன்றரையாகக் குறைத்துத்தான் சொல்வேன். நம்புகிறவர்கள் கைகால் சுகத்தோடு இருக்கட்டும். நம்பாதவர்கள் மருந்துக்கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வரட்டும்.

தெருமுனையில் இருந்தது அந்த மருந்துக்கடை. முன்னால் கடை, நடுவில் பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் மூன்று படி ஏறினால் வீடு. கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் அரை டாக்டர். முழு டாக்டரிடம் போக வழியில்லாதவர்கள் வைத்த பெயர் என்பதால் அதில் கேலியும் பாதி, மரியாதையும் பாதி. முறையாகப் படித்தவர். படித்ததற்கான சான்றிதழ் சுவரில் சட்டத்துக்குள் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வீட்டம்மா முன்பெல்லாம் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் நோய் விசாரித்துக்கொண்டிருப்பார். நெஞ்சுவலி வந்த பிறகு திரையைத் தாண்டுவதில்லை. உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பார்.

அரை டாக்டர் தொழிலுக்கு வந்த காலத்தில் மருந்து என்பது கையால் செய்கிற விஷயம். பின்னறையில் மருந்து அரைக்கும் கல்வமும் சின்னத் தராசும் இருந்தன. ஜனங்கள் வீட்டிலிருந்து பாட்டில் கழுவிக் கொண்டுவருவார்கள். அவர் கலந்து, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுவார். அவர் வெட்டும் பல்லுக்கு ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. பிறகு எல்லாம் அட்டையில் அடைத்த மாத்திரையாக வந்தது. கல்வம் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போனது. அவர் கைக்குக் கத்தரிக்கோல் மட்டும் மிஞ்சியது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்து பில் போடும் வேலையையும் பிடுங்கிக்கொண்டது. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் என்ற பெருமை ஒன்று இருந்தது. அதையும் கைபேசி படிக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவருக்கென்று நின்ற உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான்: விலை சொல்வது.

அது லேசான வேலை இல்லை. விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. பிறகு வாரத்துக்கு வாரம். ஒருமுறை ஒரு வாத்தியார் சீட்டை நீட்டிவிட்டுத் தும்மினார். தும்மலுக்கு முன்னால் ஒரு விலை, பின்னால் ஒரு விலை. இன்னொரு நாள் ஒரு பெண்மணி விலையைக் கேட்டு மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, மயக்கத்துக்கு ஒரு மாத்திரையை நீட்டினார்கள். அதன் விலையைக் கேட்டு மறுபடி சாய்ந்தார். மூன்றாம் முறை எழுந்தபோது, “எனக்கு ஒன்னுமில்லைங்க, தூக்கம்தான்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார். என் கண்ணால் பார்த்தேன்.

விலை சொல்லும்போது அரை டாக்டர் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு செருமல் செருமி, சொல்வார். சொல்லி முடித்ததும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மௌனம் விழும். அதன் பிறகு வரும் கேள்வியும் எல்லோரிடமும் ஒன்றேதான்.

“இதுல எதை விடலாம்?”

இந்தக் கேள்விக்கு எந்தப் படிப்பிலும் பதில் கிடையாது. “டாக்டரைக் கேளுங்க” என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். டாக்டரைக் கேட்பதற்கு ஆகும் செலவில் மாத்திரையையே வாங்கிவிடலாம் என்று சிரித்தார்கள். வாயால் சொன்னால் நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் கவுண்டரில் நெடுக்காக வரிசையாக வைப்பார். எதை ஒரு மாதம் விட்டாலும் பெரிய கேடு வராதோ, அதை மட்டும் குறுக்காக வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வாங்குகிறவர் குறுக்கே கிடப்பதை ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளிவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டு போவார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரும்பாலும் அது சத்து மாத்திரையாகத்தான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கார்டு எழுதி மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஆள் வரும் தேதி, மாத்திரை, வேளை எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் தொடர்ந்து மூன்று மாதம் மருந்து வாங்கவில்லை என்றால், அந்தக் கார்டை எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். டின்னுக்குள் போன கார்டு திரும்பி வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கணிப்பு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. மரப்பெட்டியில் இருப்பவர் உயிரோடு இருப்பவர். டின்னில் இருப்பவர் போய்ச்சேர்ந்தவர். பிறப்பு இறப்புப் பதிகிற அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

இரண்டாவது தெருத் தையல்காரருக்கு நெஞ்சுக்கு, சத்து மாத்திரையையும் சேர்த்து, நான்கு மாத்திரை. அதில் இளஞ்சிவப்பாக ஒன்று. நான்கிலும் அதுதான் ஆளைத் தாங்குகிற மாத்திரை. வீட்டம்மாவுக்கும் அதே இளஞ்சிவப்புதான். ஆகவே அதன் விலை அரை டாக்டருக்கு இரண்டு பக்கமும் குத்தும். ஒரு மாதம் தையல்காரர் வந்த அன்றைக்குத்தான் அதன் புது விலை வந்திருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரை டாக்டர் செருமினார், சொன்னார். மௌனம் விழுந்தது.

“அண்ணே, இதுல எதை விடலாம்?”

அட்டைகளை வரிசையாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று நெடுக்காக. நான்காவது குறுக்காக. தையல்காரர் அதைத் தள்ளிவிட்டு, முகம் மலர்ந்து, “வரேண்ணே” என்று போனார். வரிசையை ஒதுக்கும்போதுதான் அரை டாக்டர் பார்த்தார். குறுக்கே கிடந்தது சத்து மாத்திரை இல்லை, இளஞ்சிவப்பு. விலையைப் பார்த்த கண் கைக்குச் சொல்லிவிட்டது. கை, படித்தவரைக் கேட்காமல் தானே முடிவு செய்துவிட்டது. வாசலுக்கு ஓடினார். கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரர் முனை திரும்பிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தார். கடையில் நான்கு பேர் நின்றார்கள். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே வந்துவிட்டார்.

அடுத்த மாதம் தையல்காரர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

மூன்றாம் மாதம் முடிகிற அன்று மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டம்மா கேட்டார். சமையல் அரை டாக்டருடையது. நெஞ்சுவலிக்குப் பிறகு வீட்டம்மாவை அவர் அடுப்புப் பக்கம் விட்டதில்லை. காலையில் கடை திறக்குமுன் சோறும் ஒரு காயும் வைத்துவிடுவார். உப்பு புளி சொல்வது மட்டும் அந்த அம்மா.

“டெய்லர் வந்தாரா?”

“வரல.”

“எத்தனை மாசம்?”

“இன்னையோட மூணு.”

“வெளியூருக்குக் கிளியூருக்குப் போயிருப்பாருங்க.”

“மிஷினை விட்டுட்டு எங்கடி போவாரு அந்த மனுஷன்?”

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்ல?”

“போனேன். கடை பூட்டியிருக்கு. பூட்டுல துரு ஏறியிருக்கு.”

“பக்கத்துல கேக்கலையா?”

“கேட்டா பதில் சொல்லிடுவாங்களே.”

வீட்டம்மாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. “நீயும் இப்படிப் பட்டினி கிட” என்று அரை டாக்டர் அந்தத் தட்டை எடுத்துத் தன் தட்டில் கொட்டிக்கொண்டார். கை கழுவிவிட்டுக் கடைக்கு வந்து, தையல்காரரின் கார்டை எடுத்தார். டின்னின் மூடி இறுகியிருந்தது. திறக்கும்போது வந்த சத்தம் அவருக்கு யாரோ முனகியது மாதிரி கேட்டது. கார்டைப் போட்டு மூடிவிட்டு அரைமணி நேரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அன்றிலிருந்து அட்டைகளை வரிசை வைக்கும்போது ஒவ்வொன்றையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். குறுக்காக எதையும் வைக்கவே பயந்தார். எல்லாவற்றையும் நெடுக்காகவே வைத்துவிட்டு நிற்பார். “என்ன சார், இந்த மாசம் எதையும் விட வேண்டாமா?” என்று வாத்தியார் கேட்டபோது, “ஏன் சார் என்னைக் கொலைகாரன் ஆக்கறீங்க?” என்று சீறி விழுந்தார். வாத்தியார் எல்லா மாத்திரையையும் வாங்கிக்கொண்டு, அந்த மாதம் பேப்பரை நிறுத்திவிட்டார்.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த மத்தியானம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டக்’ என்றது. அரை டாக்டர் குனிந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கவுண்டர் மேல் ஒரு நிழல் விழுந்தது.

“அண்ணே.”

கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றது.

தையல்காரர்தான். ஆனால் பாதி. கன்னம் உள்ளே போய்விட்டது. சட்டை, ஆணியில் மாட்டினது போலத் தொங்கியது. தன் சட்டையையே அளவெடுக்காமல் தைத்தவர் மாதிரி இருந்தார். கழுத்தில் அதே அளவு நாடா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அந்தப் பிங்க் மாத்திரை இப்ப என்ன விலைண்ணே?”

அரை டாக்டர் டின்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் தொழில் தொழில்தான். வாய் தானாக விலையைச் சொன்னது.

“போன தடவையை விட இன்னும் ஏறிடுச்சா?”

“ஏ... ஏறிடுச்சு.”

“இறங்கவே இறங்காதா?”

“தெரியல டெய்லர்.”

“சரிண்ணே. நாளைக்கு வந்து கேக்கறேன்.”

நிழல் விலகியது. அரை டாக்டர் கண்ணை மூடித் திறந்தபோது தெரு வெறுமையாக இருந்தது. மின்விசிறி ‘டக்’ என்றது. மூன்று படியையும் ஒரே தாவலில் ஏறி உள்ளே போனார்.

“வந்தான்டி. டெய்லர் வந்தான்.”

“நல்லது. மருந்து குடுத்தீங்களா?”

“செத்தவனுக்கு எப்படிடி மருந்து குடுக்கறது? கார்டு டின்னுல இருக்கு!”

வீட்டம்மா சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். “கால் இருந்துச்சா?”

“கவுண்டர் மறைச்சிடுச்சு.”

“எட்டிப் பாக்க வேண்டியதுதானே?”

“இல்லாம இருந்தா?”

“இல்லாம இருந்தா என்ன, உங்களைப் பிடிச்சா தின்னுடப் போறாரு? வெலை கேக்கற பேயை நான் கேள்விப்பட்டதே இல்லை.”

“இந்த வெலைக்குப் பேயும் கேக்கும்.”

தையல்காரர் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒரே கேள்வி: “இறங்கிச்சாண்ணே?” ஒரே பதில். நாலாவது நாள் வீட்டம்மா சொல்லிக்கொடுத்தபடி அரை டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார், நன்றி சொன்னார், போனார்.

“தண்ணி குறைஞ்சிருந்துச்சா?” என்றார் வீட்டம்மா.

“கழுவி வெச்சுட்டேன்.”

“உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?”

அந்த வாரம் மருந்துக் கம்பெனி ஆள் வந்தார். கழுத்துப்பட்டை, தோளில் கறுப்புப் பை, வாயில் எப்போதும் ஒரு புன்னகை. எல்லோரும் அவரை ‘பை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பையைத் திறந்து புது விலைப்பட்டியலை எடுத்து வைத்தார். இளஞ்சிவப்பு இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

“ஏன்யா, இதுல என்னத்தைப் போட்டுட்டீங்க, தங்கத்தையா?” என்றார் அரை டாக்டர்.

“மருந்து அதேதான் சார். அட்டையை மாத்தியிருக்கோம். முன்னால பத்து, இப்ப ஒம்போது. நடுவுல ஒரு பூ போட்டிருக்கோம் பாருங்க.”

“பூவையா முழுங்கறது?”

“கச்சாப் பொருள் ஏறிடுச்சு சார். போக்குவரத்து ஏறிடுச்சு. என் சம்பளத்தைத் தவிர எல்லாம் ஏறிடுச்சு.”

அரை டாக்டர் பட்டியலை மடித்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “செத்துப்போனவங்களுக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?” என்று கேட்டார்.

பையின் புன்னகை ஒரு நூல்கூடக் குறையவில்லை. “இப்போதைக்கு அப்படி ஸ்கீம் இல்லை சார். மேல கேட்டுச் சொல்றேன்.”

கேட்டும் சொன்னார். அடுத்த முறை வந்தபோது, குறைந்தது ஐம்பது பேர் இருந்தால் யோசிக்கலாம் என்று மேலே சொன்னார்களாம். டின்னில் இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

தையல்காரரின் குரல் நாளுக்கு நாள் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பேசினார். இன்னொரு நாள் பேசவே இல்லை. புருவத்தைத் தூக்கி மட்டும் கேட்டார். அரை டாக்டர் தலையை ஆட்டினார். அன்றைக்கு உள்ளே வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

“நான்தான்டி கொன்னுட்டேன். அதான் தெனமும் வந்து நிக்கறான். இன்னும் எத்தனை நாளைக்குடி?”

“நீங்க மருந்து குடுக்கற வரைக்கும்.”

“எதை எடுத்துக் குடுக்கறது? பில் போடாம ஒரு அட்டை வெளிய போனாக் கம்ப்யூட்டர் கத்துது. பில் போட்டா அவன் பேரைக் கேக்குது. டின்னுல இருக்கறவன் பேரை எப்படிப் போடறது?”

“என்னோடதுல இருந்து குடுங்க” என்றார் வீட்டம்மா.

“உன்னோடதா?”

“அலமாரியைத் திறந்து பாருங்க. மேல் தட்டு. புடவைக்குப் பின்னால.”

மாதாமாதம் முதல் தேதி, வீட்டம்மாவுக்கென்று ஒரு மாதத்துக்கான இளஞ்சிவப்பு அட்டைகளை அரை டாக்டர் முறையாகப் பில் போட்டு, கார்டில் குறித்து, அந்த அலமாரியில் வைப்பார். எடுத்துச் சாப்பிடுவது அந்த அம்மா பொறுப்பு. அவர் அலமாரியைத் திறந்து, புடவை அடுக்கை நகர்த்தினார். பின்னால் அட்டை அட்டையாக இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை. பழைய அட்டை, பழைய விலை. அதற்கு மேல் புது அட்டை, புது விலை. எல்லாவற்றுக்கும் மேலே நடுவில் பூப்போட்டது. விலை ஏறின சரித்திரம் முழுக்க அந்தத் தட்டில் அடுக்கியிருந்தது.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“பாவி! ஒன்னுகூடச் சாப்பிடலையாடி நீ?”

“கத்தாதீங்க. தெருவுக்குக் கேக்கும்.”

“நாக்கு வெளிய தள்ள நான் விலை சொல்லி விலை சொல்லிச் சம்பாரிச்சு உனக்கு வாங்கி வெச்சா, நீ அடுக்கி வெச்சு அழகு பாக்கறியா?”

“ஆரம்பத்துல ஒழுங்காத்தான் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு நாள் அட்டையைத் திருப்பி வெலையைப் பாத்துட்டேன். வாயில போட மனசு வரல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினேன். அப்புறம் ரெண்டு நாள் விட்டு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் என்ன மருந்துக்கடைக்காரன் இல்லையா?”

“கேட்டா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? வரிசையா வெச்சு ஒன்னைக் குறுக்க வெச்சிருப்பீங்க. அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்குன்னு நானே வெச்சுக்கிட்டேன்.”

அரை டாக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் எதை விடலாம் என்று காட்டிக்கொடுத்தவருக்குத் தன் வீட்டில் எது விடப்பட்டது என்று தெரியவில்லை. மடியில் அட்டைகள் கிடந்தன. வெயிலில் அந்தத் தகடுகள் மினுங்கி, கூரையில் சின்னச் சின்ன வெளிச்சம் ஆடியது.

“தேதி பாத்து எடுத்துக் குடுங்க. பழசைக் குடுத்துடாதீங்க” என்றார் வீட்டம்மா. “இனிமே எனக்குன்னு எதையும் எடுக்காதீங்க. இந்த வெலைக்கு நான் லாயக்கில்லை.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன். ஒரு வலி இருக்கா, ஒரு மூச்சிரைப்பு இருக்கா?”

அது உண்மைதான். கொஞ்ச காலமாக அந்த அம்மாவுக்கு ஒரு வலியும் இல்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வெயில் காய்ந்த தெருவில் விழுந்த முதல் மழை. ஆவி கிளம்பி எதிர்வரிசை வீடுகள் மறைந்துவிட்டன. அந்தப் புகைக்குள்ளிருந்து தையல்காரர் வந்தார். கவுண்டருக்கு வெளியே சாரல் அடித்தது. நிற்க முடியாமல், கவுண்டரின் பக்கவாட்டுப் பலகையைத் தூக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே வந்துவிட்டார். வந்து, வீட்டம்மாவின் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். செருப்பை வாசலில் விட்டிருந்தார்.

அரை டாக்டர் இப்போது குனிந்து பார்த்தார். கால் இருந்தது. இரண்டும் இருந்தன. இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேல் அழுத்தினார். குழி விழுந்தது. குழி நிரம்பவில்லை. தொட்ட இடம் சுட்டது. மழையில் நனைந்த கால், உயிரோடு இருக்கிற சூடு.

“டெய்லர்... நீங்க சாகலையா?”

“இன்னும் இல்லைண்ணே.” தையல்காரர் மூச்சு வாங்கினார். “மிதிக்க முடியல, மிஷினை வித்துட்டேன். தங்கச்சி வீட்டு மாடியில கெடக்கேன். தெனம் இறங்கி வந்து கேட்டுட்டுப் போறதுதான் வேலை.”

“அன்னிக்கு நான் குறுக்க வெச்சேனே, அது என் தப்பு. சத்து மாத்திரையை வெச்சிருக்கணும். கை தவறிப்போச்சு. பின்னாலயே ஓடி வந்தேன், கூப்பிடல.”

தையல்காரர் நனைந்த அளவு நாடாவைப் பிழிந்தார்.

“அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமாப் போனேன் தெரியுமாண்ணே? இவ்வளவு வெலையுள்ளதையே விடலாம்னுட்டாரே, அப்ப நமக்கு உடம்பு தேவலைன்னு நெனச்சேன். அடுத்த மாசம் வந்து என்ன ஆகப்போகுதுன்னு, மிச்ச மூணையும் நானே குறுக்க வெச்சுக்கிட்டேன்.”

அரை டாக்டர் எழுந்து போய் அலமாரியிலிருந்து நாலு அட்டை எடுத்துவந்தார். ஒவ்வொன்றிலும் தேதி பார்த்தார். பழைய கத்தரிக்கோலை எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதி அட்டையின் பக்கத்தில் ஒட்டினார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் வெட்டியது; பற்கள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. மற்ற மூன்று மாத்திரைகளையும் எடுத்துவைத்து, தையல்காரரின் தங்கை பேரில் பில் போட்டார். கம்ப்யூட்டர் கத்தவில்லை. “நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டணும். நானும் வரேன்” என்றார்.

தையல்காரர் இளஞ்சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யாரோடதுண்ணே?”

“வீட்ல இருந்துச்சு. அவ குடுக்கச் சொன்னா.”

தையல்காரர் பச்சைத் திரையைப் பார்த்தார். அரை டாக்டரைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்து நின்றுகொண்டார்.

“அண்ணி ஒரு ரவிக்கைத் துணி குடுத்திருந்தாங்க. நீலம். தைச்சு வெச்சேன், வாங்கிக்கல. இன்னும் என்கிட்டதான் இருக்கு.”

“அவ வெளிய வர்றதில்ல டெய்லர். கொண்டாங்க, நான் குடுத்துடறேன்.”

“சரிண்ணே” என்றார் தையல்காரர்.

மறுநாள் இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வாரம் ஒன்று போவதற்குள் கால் வடிந்தது. மாதம் ஒன்றுக்குள் குரல் கிணற்றிலிருந்து மேலே வந்தது. மாடியில் வாடகைக்கு ஒரு மிஷின் போட்டு, உட்கார்ந்தபடி கிழிசல் தைக்க ஆரம்பித்தார். டின்னுக்குள் போன கார்டு முதல்முறையாகத் திரும்பி மரப்பெட்டிக்கு வந்தது. அரை டாக்டர் மறுபடி அட்டைகளை வரிசை வைத்தார். ஆனால் இப்போது வாயைத் திறந்து, “இதை விடலாம். இதை மட்டும் விட்டா நான் உங்க வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவேன்” என்று சொன்னார். மூன்று மாதம் வராதவர்களின் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சாயங்காலத்தில் உண்மையிலேயே போய்க் கதவைத் தட்டினார். ஐந்து கதவில் மூன்று திறந்தன. நம்ம ஊர் நிலவரத்துக்கு அது பெரிய விஷயம்.

நீல ரவிக்கை வந்தது. திரைக்கு உள்ளே கொண்டுபோய் வீட்டம்மாவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

“நல்லாத்தான் தைச்சிருக்காரு” என்றார் வீட்டம்மா. “பழைய அளவு. இனிமே எனக்கு எதுக்கு? தங்கச்சிக்காரி போட்டுக்கட்டும், குடுத்துடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. அலமாரியின் மேல் தட்டில், காலியான இடத்தில் வைத்தார்.

வீட்டம்மா சொன்னபடி, அந்த மழைக்குப் பிறகு அவர் பேரில் அரை டாக்டர் ஒரு அட்டையும் எடுக்கவில்லை. ஒரு முதல் தேதி போனது. இரண்டு. மூன்றாவது வந்தது. காலையில் கடை திறந்ததும் மரப்பெட்டியை இழுத்துக் கார்டுகளைத் தள்ளிக்கொண்டே வந்தவரின் விரல் ஒரு கார்டில் நின்றது. அதில் பேர் எழுதியிருக்கவில்லை. ‘வீடு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“மூணு மாசம் ஆச்சாங்க?” என்றார் வீட்டம்மா, திரைக்குப் பின்னால் இருந்து.

“ஆச்சு.”

“அப்ப எடுத்துப் போடுங்க. ஊருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?”

“இன்னும் ஒரு மாசம் பாக்கறேன்டி.”

“டெய்லருக்குப் பாத்தீங்களா?”

கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வியாபாரம் பார்த்தார். விலை சொன்னார். செருமவில்லை, ஆட்களின் முகத்தைப் பார்த்தே சொன்னார். தெரு அடங்கியதும் டின்னை எடுத்தார். மூடி இந்தத் தடவை சத்தமில்லாமல் திறந்துகொண்டது. கார்டை உள்ளே வைத்தார். அது நிற்காமல் சாய்ந்தது. நேராக நிமிர்த்தி வைத்தார். மூடினார்.

மூன்று படி ஏறி உள்ளே போனார். சோற்றுப் பானையைத் திறந்தார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு தட்டுதான் எடுத்தார்.

அந்த அம்மா இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.